பி.இ.யை விட்டுவிட்டு பி.ஏ. வரலாறு போகட்டுமா?

கேள்வி: ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா பீடி சுற்றுகிறார். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் திருநெல்வேலி பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறை. தினமும் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறேன். போக வர நாலு மணி நேரம் ஆகிறது. முதல் செமஸ்டரில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் அரியர். பைத்தானில் பி பிளஸ். இயற்பியலுக்கு மட்டும் விடைத்தாள் நகல் வாங்கினேன், 100க்கு 38. இன்டர்னல் 40க்கு 31. கணக்கில் இன்டர்னலே 17தான். இரண்டாம் செமஸ்டர் எழுதிவிட்டேன், ரிசல்ட் வரவில்லை. அதிலும் இரண்டு போகும் என்று நினைக்கிறேன். வகுப்பில் இங்கிலீஷில் நடத்துவது பாதி புரிவதில்லை, எழுந்து கேட்கவும் கூச்சம். வீட்டில் அரியர் விஷயம் யாருக்கும் தெரியாது. சரியாகச் சாப்பிட முடியவில்லை, தூக்கமும் இல்லை. பி.ஏ. வரலாறு சேர்ந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கலாமா? அகழாய்வு நடந்த ஆதிச்சநல்லூருக்குப் போனபோது எனக்கு ரொம்பப் பிடித்தது. மாமாவிடம் லேசாகச் சொன்னதற்கு, "கம்ப்யூட்டர் சயின்ஸ விட்டுட்டு வரலாறா? ஊரே சிரிக்கும்ல" என்றார். டி.சி. வாங்கிவிடவா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட முதலாமாண்டு மாணவர்)

பதில்:

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் சாவகாசமாகப் படி. இந்த ஜூனில் டி.சி. வாங்காதே. வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. வாங்குவதற்கான காரணம் உன் கையில் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

கடிதத்தோடு நீ அனுப்பியிருந்த இயற்பியல் விடைத்தாள் படங்களைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மார்க் கேள்வி பத்தில் ஆறு எழுதியிருக்கிறாய், பத்து மார்க் வந்திருக்கிறது. நாலை அப்படியே விட்டிருக்கிறாய். 13 மார்க் கேள்விகளில் முதலில் எழுதியது லேசர். படம் சுத்தமாக இருக்கிறது, பாகங்களுக்குப் பெயர் சரியாகப் போட்டிருக்கிறாய். ஆனால் படத்துக்குக் கீழே ஒரே வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருக்கிறாய். அதற்கே ஒன்பது மார்க் போட்டிருக்கிறார்கள். அடுத்து இயக்கவியலில் எட்டு, மின்காந்த அலைகளில் ஏழு. அதற்குப் பிறகு கையெழுத்தே மாறிவிட்டது. குவாண்டம் பகுதியில் நாலு வரி, அதற்கு இரண்டு மார்க். ஐந்தாவது கேள்வி காலி. கடைசி 15 மார்க் கேள்விக்கு இரண்டே வரி, அதற்கும் பாவம் பார்த்து இரண்டு போட்டிருக்கிறார்கள். மொத்தம் 38.

இது பாடம் தெரியாத பையன் எழுதிய விடைத்தாள் கிடையாது. மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூன்று கேள்விக்கே கொடுத்துவிட்டு, மணி அடிக்கும்போது திகைத்து நின்ற பையனுடையது. உன் விதிமுறைப்படி எழுத்துத் தேர்வில் 45 வேண்டும், இன்டர்னலையும் சேர்த்து மொத்தத்தில் 50 வேண்டும். உன் 31ஐ வைத்துக்கொண்டு எழுத்துத் தேர்வில் வெறும் 45 எடுத்திருந்தாலே, அது 60க்கு 27 ஆகி, மொத்தம் 58 வந்திருக்கும். உனக்குக் குறைந்துபோனது ஏழே மார்க். நீ காலியாக விட்ட நாலு இரண்டு மார்க் கேள்வியின் மதிப்பு எட்டு. இதற்காக ஒரு படிப்பையே விட்டுவிட்டுப் போகிறேன் என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

வேதியியலும் அநேகமாக இதே கதையாகத்தான் இருக்கும். இரண்டாம் செமஸ்டர் ரிசல்ட்டில் எது போனாலும், விடைத்தாள் நகலுக்குக் கட்டாயம் விண்ணப்பம் போடு. மறுமதிப்பீட்டில் மார்க் ஏறுமா என்று பார்ப்பதற்காகத்தான் எல்லாரும் நகல் வாங்குகிறார்கள். ஏறினால் சரி. எந்தக் கேள்வியில் நேரம் போனது, எந்த இடத்தில் பேனா நின்றது என்று பார்க்கவும் அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை.

கணக்கு வேறு விஷயம். இன்டர்னலே 17 என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அங்கே குறை இங்கிலீஷில் இல்லை, பிளஸ் டூ கணக்கில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அந்தத் தாளை ஒரேயடியாகத் தூக்கப் பார்க்காதே. அணிகள் அலகை மட்டும் முதலில் எடு. ஐகன் மதிப்பு, கேலி-ஹாமில்டன் தேற்றம் எல்லாம் வழிமுறைக் கணக்கு. திரும்பத் திரும்பப் போட்டால் கை பழகிவிடும், நீளமாக வாக்கியம் எழுத வேண்டியதும் இல்லை. வகையீடு, தொகையீடு இரண்டுக்கும் உன் பழைய பிளஸ் டூ தமிழ்வழிப் புத்தகத்தையே எடுத்து உட்கார். அதில் வெட்கம் எதுவும் இல்லை. உங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் அந்தப் புத்தகத்தைப் பரணில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றைக் கவனித்தாயா? கணக்கு, இயற்பியல், வேதியியல் எல்லாம் பி.இ. முதல் வருடத்தில் அநேகமாக எல்லாப் பிரிவுக்கும் வருகிற பாடங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் என்று உன் துறையின் பாடங்கள் மூன்றாம் செமஸ்டரில்தான் தொடங்குகின்றன. ஜங்ஷனில் தென்காசி பஸ் ஏறி ஆலங்குளத்திலேயே இறங்கிக்கொண்டு, குற்றாலம் ஒன்றும் சரியில்லை என்று சொல்லலாமா? உன் துறையிலிருந்து இதுவரை நீ உருப்படியாகப் பார்த்தது பைத்தானும் சி புரோகிராமிங்கும்தான். அந்தப் பைத்தானில் பி பிளஸ். அதே வாத்தியார்கள், அதே இங்கிலீஷ், அதே இரண்டு பஸ்.

அதற்காகக் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் உலகம் என்று நான் சொல்லவில்லை. பாளையங்கோட்டையைத் தென்னகத்து ஆக்ஸ்போர்டு என்று மேடையில் பேசாத ஆள் இங்கே இல்லை. ஆனால் 1878இல் தொடங்கிய தூய யோவான் கல்லூரியிலும் 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியிலும் கலைப் பாடங்களைப் படித்து வந்தவர்கள்தான் அந்தப் பேரைச் சம்பாதித்துக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் ஊர் வசதியாக மறந்துவிடுகிறது. வரலாறு என்றால் சிரிப்பேன் என்கிற உன் மாமாவின் பேச்சை ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளாதே. ஊர் சிரிக்கும் என்பதற்காக பி.இ.யில் இருப்பதும் தப்பு, இயற்பியல் பயமுறுத்துகிறது என்பதற்காக வரலாற்றுக்கு ஓடுவதும் தப்பு.

ஓடுகிறாய் என்று ஏன் சொல்கிறேன்? பக்கம் பக்கமாக எழுதிய உன் கடிதத்தில் வரலாறு ஒன்றரை வரிதான். ஆதிச்சநல்லூர் பிடித்தது என்கிறாய். நல்லது. ஆனால் பி.ஏ. வரலாற்றில் ஆறு செமஸ்டரும் முதுமக்கள் தாழியும் சிவகளை அகழாய்வில் கிடைத்த நெல்மணியும் வருவதில்லை. ஐரோப்பிய வரலாறு வரும், அரசியலமைப்பு வரும், வரலாற்றை எப்படி எழுதுவது என்பதே ஒரு தாளாக வரும். அங்கேயும் மூன்று மணி நேரத் தேர்வு உண்டு, அங்கேயும் நேரத்துக்குள் பக்கம் பக்கமாக எழுதித்தான் ஆக வேண்டும். எழுதும் வேகம்தான் உன்னைப் பிடித்து இழுக்கிற குறை. அதைச் சரி செய்யாமல் போனால் அது உன்னோடேயே வரும். நீ சேர்கிற இடத்தில் தமிழ்வழி இருந்தால் சுமை கொஞ்சம் குறையும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

சரி, டி.என்.பி.எஸ்.சி.க்கு வருவோம். இதில் நம் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் குழம்பிக்கொள்கிறார்கள். குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பே போதும். 18 வயது முடிந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலர் போன்ற சில பதவிகள் போக மற்றவற்றுக்கு நீ இப்போதே எழுதலாம். ஒன்றிலிருந்து பத்து வரை தமிழ்வழியில் படித்திருந்தால், தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமையும் அந்தத் தேர்வில் உனக்கு உண்டு. பி.இ. படிப்பதால் அது போய்விடாது. குரூப் 2, குரூப் 1 இரண்டிலும் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும், பி.இ.யும் பட்டம்தான். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: பட்டம் கேட்கிற பதவிகளில் அந்த 20 சதவீதம் வேண்டுமானால் பட்டத்தையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 2தான் என் குறி, வேறு எதுவும் வேண்டாம் என்று உறுதியாக நிற்கிறவனுக்குத் தமிழ்வழி பி.ஏ. ஒரு நல்ல காரணம். நீ அப்படி எழுதவில்லை.

மாறுவதால் நீ விட்டுக்கொடுப்பது என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பார். 7.5 ஒதுக்கீட்டில் உன் கல்விக் கட்டணத்தை அரசு கட்டுகிறது. விட்டுவிட்டுப் போய், பின்னால் மனசு மாறி மறுபடி பொறியியல் வந்தாலும் இது கிடைக்கும் என்று கணக்குப் போடாதே. கலைக் கல்லூரியில் அரசுக் கல்லூரியோ, உதவி பெறும் பிரிவோ கிடைத்தால் செலவு கையைக் கடிக்காது. சுரண்டையில் உங்களுக்குப் பக்கத்திலேயே காமராஜர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. ஆனால் கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது சுயநிதிப் பிரிவு. அந்தக் கட்டணத்தை அப்பா லோடு ஆட்டோவிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். உன் தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபாயும் இப்போதைய சேர்க்கையோடு பதிவானது, அதையும் எழுதிக்கொள்.

அந்த 7.5 ஒதுக்கீட்டில் விடுதிக் கட்டணமும் அடக்கம். நீ ஊரிலிருந்து போய் வருவதைப் படித்துவிட்டு எனக்கு உன் மேல் கொஞ்சம் கோபமே வந்தது. விடுதி இருந்தும் எதற்காக தினமும் நாலு மணி நேரம் பஸ்ஸில் தொங்குகிறாய்? வீட்டை விட்டு இருக்க முடியவில்லையா, அப்பாவுக்கு ஒத்தாசை வேண்டியிருக்கிறதா, விடுதியில் யாராவது தொல்லை கொடுப்பார்கள் என்ற பயமா? காரணம் எதுவானாலும் அதை முதலில் பேசித் தீர்க்கலாம். ஒரு செமஸ்டருக்கு மட்டுமாவது விடுதியில் இருந்து பார். சாயங்காலம் ஆறு மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிறவனுக்கும், எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்து சாப்பிட்டு உட்கார்கிறவனுக்கும் ஒரே கேள்வித்தாளைத்தான் கொடுக்கிறார்கள். சொல்லப்போனால் உன் முதல் வருடத்தைக் கெடுத்ததில் இயற்பியலைவிட அந்த இரண்டு பஸ்ஸுக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சமென்றால் எழுந்து கேட்காதே. வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அறைக்குப் போய், "சார், நான் தமிழ் மீடியம், இந்த இடத்த ஒரு தடவ தமிழ்ல சொல்லுங்க" என்று கேள். நம் பக்கத்துக் கல்லூரிகளில் இதைக் கேட்டு முகம் சுளிக்கிற ஆசிரியர்களைவிட, அவரும் தமிழ்வழியில் படித்து வந்த கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறவர்கள்தான் அதிகம். அதோடு, தினமும் ஒரு 13 மார்க் கேள்வியை அரை மணிக்குள் எழுதி முடிக்கும் பழக்கத்தை வைத்துக்கொள். ஒரு வரியை எழுதிவிட்டால் அடிக்கக் கூடாது, இலக்கணம் தப்பினாலும் போகட்டும். இயற்பியல் திருத்துகிறவர் உன் இங்கிலீஷுக்கு மார்க் குறைப்பதில்லை, காலிப் பக்கத்துக்குத்தான் போடுவதற்கு அவரிடம் எதுவும் இருப்பதில்லை.

நவம்பர், டிசம்பர் தேர்வில் மூன்று அரியரையும் எழுது. இன்டர்னல் மார்க் அப்படியே இருக்கும், எழுத்துத் தேர்வு மட்டும்தான். வருகைப்பதிவு சரியாக இருந்தால் அரியரோடும் மூன்றாம் செமஸ்டருக்குப் போகலாம். எட்டு செமஸ்டர் படிப்பை முடிக்கப் பதினாலு செமஸ்டர் வரை காலம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே தலைக்கு மேல் வெள்ளம் எதுவும் இல்லை. அதற்கு நடுவில் ஒரு சனிக்கிழமை சுரண்டைக் கல்லூரிக்கோ பேட்டை இந்துக் கல்லூரிக்கோ போய், வரலாறு இரண்டாம் வருடம் படிக்கிற பையன் ஒருவனிடம் புத்தகங்களை இரவல் வாங்கி வா. ஆதிச்சநல்லூர் இல்லாத புத்தகமாகப் பார்த்து வாங்கு. பரீட்சைக்கு என்று இல்லாமல் சும்மா படித்துப் பார். ராத்திரி கீழே வைக்க மனசு வரவில்லையென்றால் எனக்கு எழுது, அப்போது நாம் பேசுகிற பேச்சே வேறாக இருக்கும்.

மூன்றாம் செமஸ்டர் முடிந்த பிறகு, பாடம் புரிந்தும் பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஜூனில் தாராளமாக விடு. பாடம் புரியாமல் பிடிக்காமல் போவதும் புரிந்து பிடிக்காமல் போவதும் ஒன்றில்லை. இதனால் இன்னும் ஒரு வருடம் போகுமே என்பாய். போகும்தான், அது சின்ன விலை இல்லை. ஆனாலும் காரணம் தெரியாமல் இப்போது விட்டுவிட்டு, நாலைந்து வருடம் கழித்து "அந்த ஏழு மார்க் எடுத்திருந்தா" என்று பேசிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்போது வரலாறு மட்டும்தான் வழி என்றும் இல்லை. பைத்தான் பிடித்திருந்தால் பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கின்றன. கணக்கு படித்த பி.எஸ்சி.காரர்கள் பிற்பாடு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி இருக்கிறது.

எப்போது விட்டாலும் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். மீதி வருடக் கட்டணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம் என்று சில தனியார் கல்லூரி அலுவலகங்களில் சொல்வார்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இல் தெளிவாக அறிவித்திருக்கிறது, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தருகிற ஏ.ஐ.சி.டி.இ.யும் இதையேதான் சொல்கிறது. சத்தம் போட வேண்டாம். கோரிக்கையை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டோம் என்று நகலில் கையெழுத்து வாங்கு. நடக்கவில்லையென்றால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடு.

இனி, இதையெல்லாம்விட முந்திச் செய்ய வேண்டியது. வீட்டில் சொல். ரிசல்ட் வருவதற்கு முன்னால் சொல், மாமா வாய் வழியாகப் போவதற்கு முன்னாலும் சொல். முதலில் அம்மாவிடம். மத்தியானம் தட்டை மடியில் வைத்து அவர் பீடி சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று பாடம் போயிருக்கிறது, நவம்பரில் எழுதப் போகிறேன் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடு. அப்பாவிடம் விடைத்தாளையே காட்டு. இங்கிலீஷ் புரியாவிட்டாலும் எங்கே எழுதியிருக்கிறது, எங்கே காலியாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். "ஏல, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?" என்று ஒரு சத்தம் போடுவார். போடட்டும். விடுதிக் கட்டணம் அரசு தருகிறது என்பதையும் அந்த நேரத்திலேயே சொல்லிவிடு, சத்தம் பாதியில் நின்றுவிடும்.

சாப்பாடும் தூக்கமும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். வீட்டில் சொன்ன பிறகும் அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்ப் பார். போகத் தயக்கமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், பணம் கிடையாது. உயிரை வெறுக்கிற நினைப்பு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதே, அன்றைக்கே பேசு.

டி.சி. கேட்டு எழுதி வைத்திருக்கும் விண்ணப்பம் ஏதாவது இருந்தால் அதைப் பைக்குள்ளேயே வை. ரிசல்ட் வந்ததும், போன பாடங்களின் விடைத்தாள் நகலை வாங்கி எனக்கு அனுப்பு. கணக்கு நகல் இருந்தால் அதை முதலில் அனுப்பு.